சண்டர்லேண்ட் இந்த வருசம் தங்குமா, திரும்ப இறங்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மண்டபம் டிரைவர் | 24 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

வணக்கம். மண்டபத்தில் விசைப்படகு ஓட்டுகிறேன். கேள்வி மீனைப் பற்றியது இல்லை, பந்தைப் பற்றியது. இங்கிலாந்து கால்பந்து டீம் சண்டர்லேண்ட் இந்த சீசன் முதல் படியான பிரீமியர் லீக்கில் தங்குமா, இருபது டீமில் கடைசி மூன்றில் ஒன்றாகி வந்த வழியே இறங்கிவிடுமா?

உனக்கும் சண்டர்லேண்டுக்கும் என்னப்பா சம்பந்தம் என்று எல்லாரும் கேட்பார்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தாய்மாமா சரக்குக் கப்பலில் ஆயிலராக இருந்தார். ஒருமுறை கப்பல் டைன் ஆற்றுத் துறைமுகத்தில் நின்றபோது, மாலுமிகள் வந்து உட்காரும் விடுதியில் ஒரு கிழவர் அவருக்கு சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட ஜெர்சி ஒன்றைக் கொடுத்திருக்கிறார். டைன் ஆறு என்றால் நியூகாசில்காரன் கோட்டை. "இதைப் போட்டுக்கொண்டு இந்த ஊர்த் தெருவில் நடக்காதே" என்றும் சொல்லி அனுப்பினாராம். மாமா அதை எனக்குக் கொடுத்தார். நான் அப்போது எட்டாவது படித்தேன். சட்டை முழங்கால் வரை தொங்கியது. பிறகு அது கிழிந்து, எஞ்சின் துடைக்கிற துணியாகி, அதுவும் போய்ச் சேர்ந்தது. டீம் மட்டும் என்னோடு ஒட்டிக்கொண்டது.

ஒட்டிய நேரம்தான் சரியில்லை. 2017ல் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கினார்கள். சரி, ஏறிவிடுவார்கள் என்று பார்த்தால் அடுத்த வருசமே இரண்டாம் படியான சாம்பியன்ஷிப்பிலிருந்தும் இறங்கி மூன்றாம் படிக்குப் போனார்கள். நாலு சீசன் அங்கேயே கிடந்தார்கள். 2022ல்தான் சாம்பியன்ஷிப்புக்கு வந்தார்கள். இந்த மே மாதம், ஏறுவதற்கான மூன்றாவது இடத்துக்கு நாலு டீம் மோதுகிற பிளேஆஃப் ஜெயித்து, எட்டு வருசம் கழித்து மேலே வந்திருக்கிறார்கள்.

அந்தப் பிளேஆஃப் ஆட்டங்களை நான் பார்த்தது தடைக்காலத்தின் புண்ணியம். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில். பகலில் பெயின்ட் அடிப்பது, ராத்திரி போன். கோவென்ட்ரியோடு அரையிறுதி இரண்டாவது ஆட்டம், எக்ஸ்ட்ரா டைம், 122ஆவது நிமிடம், கார்னர். டான் பாலார்டு தலையால் இடித்தான். இங்கே அப்போது விடிகாலை மூன்று மணி. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா திருடன் வந்துவிட்டான் என்று விளக்கைப் போட்டுவிட்டார். என் வீட்டுக்காரம்மா ரெண்டு நாள் பேசவில்லை. மே 24 இறுதி ஆட்டத்தில் ஷெஃபீல்டு யுனைடெட் முதலில் கோல் போட்டது. 76ல் மயெண்டா சமன் செய்தான். 95ஆவது நிமிடம் டாமி வாட்சன் இன்னொன்று. அந்தப் பையன் அதற்கு முன்பே பிரைட்டனுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டான். எங்களைக் கரையேற்றிவிட்டு அவன் வேறு படகில் ஏறிப் போய்விட்டான்.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். சீசன் ஆரம்பித்து ரெண்டு ஆட்டம் முடிந்தது. 16ந் தேதி எஞ்சின் வேலையாகப் படகு நின்றது, வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். வெஸ்ட் ஹாமை 3-0 அடித்தோம். நேற்று 23ந் தேதி கடலில் இருந்தேன். பர்ன்லி எங்களை 2-0 அடித்துவிட்டது. எங்களுக்குக் கடலுக்குப் போக டோக்கன் திங்கள், புதன், சனி. சண்டர்லேண்டுக்கும் சனிக்கிழமைதான் ஆட்டம், நம்ம நேரம் இரவு ஏழரை. அந்த நேரத்தில் நான் வலை இழுத்துக்கொண்டிருப்பேன். போன் "இலங்கைக்கு நல்வரவு" என்று மெசேஜ் காட்டும், ஸ்கோர் காட்டாது. நான் பார்த்தால் ஜெயிக்கிறது, பார்க்காவிட்டால் தோற்கிறது. அப்படியென்றால் இந்த சீசன் கதை முடிந்தது.

ஐஸ் கம்பெனியில் கணக்குப் பார்க்கிற நண்பன் மான்செஸ்டர் யுனைடெட். சண்டர்லேண்ட் இறங்கும் என்று பந்தயம் கட்டியிருக்கிறான். தோற்றவன் ஒரு வருசம் டீக்காசு கொடுக்க வேண்டும். அவன் சொல்லும் கணக்கு பயமாக இருக்கிறது. போன சீசன் சாம்பியன்ஷிப்பில் லீட்சும் பர்ன்லியும் ஆளுக்கு 100 பாயிண்ட். நாங்கள் நாலாவது, 76. லீக்கின் கடைசி ஐந்து ஆட்டமும் தோல்வி. போதாததற்கு, போன ரெண்டு வருசமும் ஏறிய மூன்று டீமும் அப்படியே இறங்கியிருக்கின்றன. நூறு எடுத்தவனே பயப்படுகிற இடத்தில் எழுபத்தாறு எடுத்தவன் என்ன செய்வான்?

மனசாறச் சொல்லுங்கள். ஆறுதல் வேண்டாம்.

———

கீழக்கரை காக்கா | 24 ஆகஸ்ட்

தம்பி, நான் கீழக்கரை, பிழைப்பு துபாயில். வெள்ளிக்கிழமை தவிர எல்லா நாளும் பிரீமியர் லீக் பேசுகிற ஆள். ஆறுதல் வேண்டாம் என்றதால் கணக்காகவே சொல்கிறேன்.

உங்கள் நண்பர் போடும் கணக்கில் முதல் கோளாறு அந்த 76. சாம்பியன்ஷிப்பில் எத்தனை பாயிண்ட் என்பதற்கும் மேலே போய் என்ன ஆகும் என்பதற்கும் பெரிய உறவு கிடையாது. பர்ன்லியையே பாருங்கள். 2022-23ல் 101 பாயிண்ட் எடுத்து சாம்பியனாக ஏறியது. மேனேஜர் கொம்பெனி கீழே ஆடவைத்த அதே ஆட்டத்தை, கோல்கீப்பர் காலிலிருந்து பந்தைக் கட்டிக்கட்டிக் கொண்டு வருவதை, மேலேயும் ஆட வைத்தார். 24 பாயிண்டோடு இறங்கியது. அடுத்த வருசம் சவுத்தாம்டன் அதையே செய்து 12 எடுத்தது. இன்னும் ஏழு ஆட்டம் பாக்கி இருக்கும்போதே இறங்கியாகிவிட்டது. பிரீமியர் லீக்கில் அவ்வளவு சீக்கிரம் யாரும் இறங்கியதில்லை. 2007-08ல் டெர்பி எடுத்த 11தான் அதற்கும் கீழே.

இரண்டாவது, நாற்பது பாயிண்ட் எடுத்தால் பிழைக்கலாம் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. அதை மறந்துவிடுங்கள். போன சீசன் 18ஆவது வந்த லெஸ்டர் எடுத்தது 25. அதாவது 26 எடுத்தவன் பிழைத்திருப்பான். 17ஆவது இடத்தில் 38 பாயிண்டோடு நின்றது யார் தெரியுமா? டாட்டன்ஹாம். அதே மாதம் யூரோப்பா லீக் கோப்பையையும் தூக்கியது. அதற்கு முந்தின வருசம் லூட்டன் 26ல் இறங்கியது. ஆனால் 2002-03ல் வெஸ்ட் ஹாம் 42 எடுத்தும் இறங்கியது. ஆகவே எத்தனை எடுக்கிறோம் என்று பார்க்காதீர்கள். நம்மைவிட மோசமாக மூன்று பேர் இருக்கிறார்களா என்று பாருங்கள். நம்ம ஊரில் பழமொழியே இருக்கிறதே, கரடி துரத்தினால் கரடியைவிட வேகமாக ஓட வேண்டாம், கூட ஓடுகிறவனை முந்தினால் போதும்.

இன்றைய நிலவரத்தில் அந்த மூன்று பேரைத் தேடினால், வெஸ்ட் ஹாம் ரெண்டு ஆட்டத்தில் எட்டு கோல் வாங்கியிருக்கிறது. உங்களிடம் மூன்று, செல்சியிடம் ஐந்து. உல்வ்ஸும் ரெண்டு ஆட்டத்தில் ஒரு பாயிண்ட்கூட எடுக்கவில்லை. லீட்ஸ் எவர்ட்டனை ஜெயித்தது, நேற்று ஆர்சனலிடம் ஐந்து வாங்கியது. பர்ன்லியைப் பொறுத்தவரை கீழே 46 ஆட்டத்தில் 16 கோல்தான் விட்டிருந்தார்கள். அது சாதாரணம் இல்லை. ஆனால் மேலே அந்தக் கதவு எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். போன ரெண்டு வருசம் ஏறியவர்களில் நிறையப் பேர், ஏற்றிவிட்ட பையன்களுக்கு நன்றிக்கடன் என்று அவர்களையே வைத்து ஆடினார்கள். வாங்கியதும் பெரும்பாலும் சாம்பியன்ஷிப் ஆட்களை. சண்டர்லேண்ட் அப்படிச் செய்யவில்லை. ஜோப் பெல்லிங்ஹாமை டோர்ட்மண்டுக்கு விற்றார்கள். ஷாக்கா, டியாரா, சடிக்கி, டல்பி, அடிங்ரா, ரெய்னில்டோ, கோல்கீப்பர் ரூஃப்ஸ் என்று பாதி டீமை மாற்றிவிட்டார்கள். 2022ல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் இதைத்தான் செய்தது. இருபதுக்கு மேல் ஆள் எடுத்தபோது உலகமே சிரித்தது. 38 பாயிண்டோடு 16ஆவது வந்து தங்கினார்கள். அந்த வருசம் கூட ஏறிய ஃபுல்ஹாமும் போர்ன்மவுத்தும்கூடத் தங்கின. மூன்றும் இறங்கிய கதையை மட்டும் உங்கள் நண்பர் சொல்கிறார், மூன்றும் தங்கிய கதையையும் சொல்லச் சொல்லுங்கள்.

என் கணிப்பு: 15 அல்லது 16ஆவது இடம். டீக்காசு உங்களுக்கு வரும்.

———

பனைக்குளம் லெஃப்ட் பேக் | 24 ஆகஸ்ட்

காக்கா சொன்னதில் பாதி ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதியை டிரைவர் அண்ணன் கேட்டே ஆக வேண்டும், ஆறுதல் வேண்டாம் என்று அவர்தானே சொன்னார்.

முதல் ஆட்டம் 3-0 என்று மயங்கக் கூடாது. முதல் பாதி 0-0. கோல் மூன்றும் ரெண்டாம் பாதியில்தான். 2008ல் ஹல் சிட்டி புதிதாக ஏறி வந்து முதல் ஒன்பது ஆட்டத்தில் 20 பாயிண்ட் எடுத்தது. உச்சியில் இருந்தவர்களோடு சமமாக நின்றார்கள். மிச்ச 29 ஆட்டத்தில் எடுத்தது 15. மொத்தம் 35, 17ஆவது இடம், தலை தப்பியது தம்பிரான் புண்ணியம். 2010ல் பிளாக்பூல் அதைவிட அழகாக ஆடியது, 55 கோல் போட்டது, 39 பாயிண்ட் எடுத்தும் இறங்கியது.

எனக்கு உறுத்துவது டிசம்பர். ஆப்பிரிக்கக் கோப்பை இந்த முறை மொராக்கோவில், டிசம்பர் 21லிருந்து ஜனவரி 18 வரை. காக்கா வாசித்த பட்டியலைத் திரும்பப் பாருங்கள். டியாரா செனகல், சடிக்கி காங்கோ, டல்பி மொராக்கோ, அடிங்ரா ஐவரி கோஸ்ட், ரெய்னில்டோ மொசாம்பிக்.  வாங்கும்போது யாராவது காலண்டரைப் பார்த்தார்களா? இங்கிலாந்தில் ஆட்டங்கள் நெருக்கி வருகிற மாதம் அது. எங்கள் செவன்ஸ் டீமில் கல்யாண சீசனில் நாலு பேர் வெளியூர் போனாலே ஆட்டம் கந்தலாகிவிடும். இது ஐந்து பேர்.

டிசம்பருக்குள் இருபது பாயிண்ட் சேர்த்துவிட்டால் தப்பிப்பார்கள். சேர்க்காவிட்டால் ஜனவரியில் அந்த நண்பருக்கு டீ வாங்கிக் கொடுக்க ஆரம்பியுங்கள் அண்ணே.

அப்புறம் காக்கா, கரடிப் பழமொழி நம்ம ஊர்ப் பழமொழி இல்லை. நம்ம கடற்கரையில் கரடி எங்கே இருக்கிறது?

———

கீழக்கரை காக்கா | 24 ஆகஸ்ட்

சரி, கரடியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். டிசம்பர் விசயம் நியாயம்.

———

ராம்நாடு கன்னர் | 25 ஆகஸ்ட்

ஆர்சனல் ரசிகன். ஷாக்காவைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

2019 அக்டோபரில் கிரிஸ்டல் பேலஸ் ஆட்டத்தில் அவரை மாற்றி வெளியே கூப்பிட்டபோது எங்கள் ரசிகர்களே ஊளையிட்டார்கள். அவர் காதில் கையை வைத்துக் காட்டி, ஜெர்சியைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனார். கேப்டன் பதவி போயிற்று. அன்றைக்கு இங்கே பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவரைத் திட்டியவர்களில் நானும் ஒருவன். மனிதர் ஓடிப்போகவில்லை. மூன்றரை வருசம் அங்கேயே இருந்து, எல்லாரும் எழுந்து கைதட்டுகிற அளவுக்கு ஆடிவிட்டுத்தான் போனார். போன இடத்தில் லெவர்குசன் 2023-24ல் ஒரு லீக் ஆட்டம்கூடத் தோற்காமல் ஜெர்மனி சாம்பியன்.

32 வயசு, கால் வேகம் கிடையாது, அது எப்போதுமே கிடையாது. ஆனால் 1-0ல் எண்பதாவது நிமிடம் பையன்கள் பதறும்போது பந்தை வாங்கி நிறுத்தி, "நீ அங்கே போ" என்று கை காட்டுகிற ஒரு ஆள் வேண்டும். இறங்கிய டீம் எதிலும் அந்த ஆளை நான் பார்க்கவில்லை. டிரைவர் அண்ணனுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, புதுப் பையன்களை ஏற்றிக்கொண்டு காற்றில் போய்ப் பார்த்தவர்.

தங்கும்.

———

தொண்டி மாப்ள | 25 ஆகஸ்ட்

எதற்கு இந்த வேதனை? நம்ம இந்தியன் சூப்பர் லீக், ஐஎஸ்எல் பாருங்கள். போன சீசன் முகமதன் ஸ்போர்ட்டிங் கடைசி இடம். யாரையும் இறக்கவில்லை. நிம்மதி.

———

மண்டபம் டிரைவர் | 26 ஆகஸ்ட்

எல்லாருக்கும் நன்றி. நேற்று கடல், இன்றைக்குத்தான் நிதானமாகப் படித்தேன். தொண்டி மாப்ள, இறக்கம் இல்லாத லீக்கில் 17ஆவது இடத்துக்கு யார் கத்துவார்கள்? எனக்கு அந்த விடிகாலை மூன்று மணிதான் வேண்டும்.

கன்னர் தம்பி சொன்னது உண்மை. என் படகில் இந்த சீசன் ரெண்டு புதுப் பையன்கள். வலை கல்லில் மாட்டினால் ஆளுக்கொரு பக்கம் ஓடுவார்கள். அறுபது வயசு அண்ணன் ஒருத்தர் உண்டு, இப்போதெல்லாம் அவர் வலை இழுப்பதுகூட இல்லை. "எஞ்சினைக் குறை" என்று ஒரு வார்த்தை சொல்வார், எல்லாரும் நின்ற இடத்துக்கு வந்துவிடுவார்கள். அவருக்கும் முழுப் பங்குதான். பையன்களுக்கு அதில் கொஞ்சம் முணுமுணுப்பு உண்டு.

லெஃப்ட் பேக் தம்பி, டிசம்பர் கணக்கைப் பேப்பரில் எழுதி வீல் ஹவுசில் ஒட்டிவிட்டேன். இருபது பாயிண்ட். இப்போது மூன்று.

மாமாவிடமும் போனில் கேட்டேன். அவருக்கு ஆட்டம் தெரியாது. அந்தக் கிழவர் கப்பல் கட்டுகிற யார்டில் வேலை பார்த்தவராம், யார்டுகள் எல்லாம் 1988ல் மூடிவிட்டதாம், அதைப் பற்றித்தான் ராத்திரி முழுக்கப் பேசினாராம். ஸ்டேடியம்கூட மூடிய நிலக்கரிச் சுரங்கத்தின் மேலே 1997ல் கட்டியதுதான், வாசலில் சுரங்க விளக்கு ஒன்றைப் பெரிதாகச் செய்து வைத்திருக்கிறார்கள். "அந்த ஊரில் வேறு என்னடா இருக்கு, பந்துதான் இருக்கு" என்றார் மாமா.

சனிக்கிழமை பிரென்ட்ஃபோர்டு. சனிக்கிழமை நான் கடலில்.

———

பனைக்குளம் லெஃப்ட் பேக் | 30 ஆகஸ்ட், இரவு 9:40

அண்ணே, நீங்கள் இப்போது கடலில் இருப்பீர்கள். ஸ்கோர் இங்கே எழுத மாட்டேன். வந்து நீங்களே பாருங்கள்.

———

மண்டபம் டிரைவர் | 31 ஆகஸ்ட், ஞாயிறு

கரைக்கு வந்தாயிற்று. பாடு சுமார்தான், கொஞ்சம் நண்டு, கணவாய். அதை விடுங்கள்.

விடிகாலை பாலம் தெரிகிற தூரத்தில் சிக்னல் வந்தது. போன் வரிசையாக அதிர்ந்தது. எல்லாம் ஐஸ் கம்பெனிக்காரன். முதல் மெசேஜ்: "பெனால்டி உனக்கு எதிராக." அடுத்தது: "உன் கீப்பர் பிடித்துவிட்டான், அதிர்ஷ்டம்." அதற்கு அடுத்தது: "0-1. தியாகோ. டீக்காசு எடுத்து வை." அதோடு சரி. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். இவன் ஜெயித்தால் வாயை மூடுகிற ஆள் இல்லை. ஆட்டம் 0-1லேயே முடிந்திருந்தால் இன்னும் நாலு மெசேஜ், ஒரு சிரிக்கிற பொம்மை, ஒரு வாய்ஸ் நோட்டாவது வந்திருக்கும். மூன்றாவது மெசேஜோடு நிறுத்தியிருக்கிறான் என்றால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது. புதுப் பையனைக் கூப்பிட்டு நேராகப் பிடி என்று கொடுத்துவிட்டு ஹைலைட்ஸைத் திறந்தேன். சுற்றிச் சுற்றி நின்றது. 82ல் லெ ஃபே பெனால்டி, 1-1. திரும்ப நின்றது. கரை நெருங்கும்போதுதான் ஓடியது. 96ஆவது நிமிடம் இசிடோர், தலையால். 2-1.

கத்தினேன். அறுபது வயசு அண்ணன் ஐஸ் பெட்டியிலிருந்து தலையைத் தூக்கி, "என்னப்பா, எஞ்சின் கோளாறா?" என்றார்.

நான் பார்க்காமலேயே ஜெயித்திருக்கிறார்கள். பேப்பரில் மூன்றை அடித்து ஆறு என்று எழுதியாயிற்று. ஐஸ் கம்பெனிக்கு இன்றைக்கு நானே பில் வாங்கப் போகிறேன். வழக்கமாகப் பையனைத்தான் அனுப்புவேன்.

அடுத்தது 13ந் தேதி பேலஸ். அதுவும் சனிக்கிழமைதான்.